மாநாடு முடிந்த பிறகு ஊருக்கு என்ன மிஞ்சும்?

ஒரு பெரிய மாநாடு நகரத்துக்கு வருகிறது என்றால் முதலில் எண்ணப்படுவது ஓட்டல் அறைகள்தான். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை இரவு தங்குவார்கள், டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் கடைவீதியிலும் எவ்வளவு செலவழிப்பார்கள் என்று கூட்டிப் பெருக்கி ஒரு தொகை சொல்லப்படும். அந்தத் தொகையைக் காட்டித்தான் நகரங்கள் மாநாடுகளை அழைக்கின்றன. மாநாட்டு அரங்கு கட்டப் பொதுப்பணம் ஒதுக்குவதும் அதைக் காட்டித்தான்.

தொழில் சின்னது இல்லை. ஈவென்ட்ஸ் இண்டஸ்ட்ரி கவுன்சில் என்ற கூட்டமைப்புக்காக ஆக்ஸ்ஃபோர்ட் எகனாமிக்ஸ் நிறுவனம் ஓர் ஆய்வு செய்தது. 2017ஆம் ஆண்டில் மட்டும் 180க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 150 கோடிப் பேர் தொழில்சார் நிகழ்வுகளில் கலந்துகொண்டதாகவும், நேரடிச் செலவு மட்டுமே 1 லட்சம் கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியதாகவும் அது கணக்கிட்டது. அறிவியல் மாநாடு, மருத்துவர் சங்கக் கூட்டம், வணிகக் கண்காட்சி, நிறுவனங்களின் ஆண்டுக் கூட்டம் எல்லாம் இதில் சேர்த்தி.

இவ்வளவு பேர் வந்து போகிறார்கள். போய் ஆறு மாதம் ஆன பிறகு, ஓட்டலோடும் அரங்கோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு தெருவில் குடியிருப்பவருக்கு அதனால் ஏதாவது மாறியிருக்கிறதா? இப்படிக் கேட்கத் தொடங்கியதில் உருவானதுதான் இந்தத் துறையினர் ‘லெகசி’ என்று குறிப்பிடும் கருத்து. அரங்கைக் கழற்றி வண்டியில் ஏற்றிய பிறகும் உள்ளூர் மக்களிடம் தங்கிவிடும் பயன் அது. இந்தக் கட்டுரையில் அதை நீடித்த பயன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

செலவுக் கணக்கு ஏன் போதாது

வந்தவர் செலவழிக்கும் பணம் முழுவதும் ஊரில் தங்குவதில்லை. ஓட்டல் ஒரு பன்னாட்டுச் சங்கிலி நிறுவனத்துடையது என்றால் லாபத்தில் ஒரு பங்கு தலைமையகத்துக்குப் போய்விடும். ஒலி, ஒளி, பெரிய திரை எல்லாம் வேறு நகரத்து நிறுவனம் கொண்டுவந்தால் அந்தப் பணமும் அதே வண்டியில் திரும்பிவிடும். பொருளாதாரத்தில் இதைக் கசிவு என்பார்கள். ஊர் சிறியதாக இருந்தால் கசிவு அதிகமாக இருக்கும். அங்கே தயாராகும் பொருளும் கிடைக்கும் சேவையும் குறைவு என்பதே காரணம்.

இன்னொன்றையும் கழிக்க வேண்டும். மாநாட்டுக்காரர்கள் அறைகளை நிரப்பிவிட்டால், வழக்கமாக வரும் பயணிகள் அந்த வாரம் வேறு ஊருக்குப் போவார்கள். அவர்கள் செலவழித்திருக்கக்கூடிய பணத்தை யாரும் கழித்துக் காட்டுவதில்லை. சாலைகளை அடைத்ததால் வியாபாரம் படுத்த கடைக்காரரின் கணக்கும் அந்தத் தொகையை அறிவிக்கும் செய்திக்குறிப்பில் வராது.

சரி, ஊரில் தங்கும் பணமாவது நீடிக்குமா? பரிமாறுபவருக்கும் ஓட்டுநருக்கும் மூன்று நாள் கூடுதல் வேலை கிடைக்கிறது. அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான்காம் நாள் எல்லாம் பழையபடி.

மாநாடு கொண்டுவருவது பணம் மட்டும் என்றால் பேச்சு இத்தோடு முடிந்துவிடும். உண்மையில் அது கொண்டுவரும் மற்ற சரக்குதான் விலை அதிகம். ஒரு துறையில் உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் சில நாள் ஒரே ஊரில் இருக்கிறார்கள். பத்திரிகைகள் அந்தப் பக்கம் திரும்புகின்றன. வழக்கமாக நேரம் கொடுக்காத அமைச்சரும் அதிகாரியும் மேடைக்கு வருகிறார்கள். உள்ளூர் ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகளாக மின்னஞ்சலில் மட்டுமே பேசிய ஒருவரோடு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார். சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் நகரில் நடந்த மாநாடுகளை எடுத்துக்கொண்டு, சுற்றுலா வருமானத்துக்கு அப்பால் என்ன கிடைக்கிறது என்று தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். அறிவுப் பரிமாற்றம், கூட்டு ஆராய்ச்சி, புதிய தொடர்புகள், திறமையானவர்களை ஈர்ப்பது என்று அவர்கள் எடுத்துக்காட்டியவை பெரும்பாலும் மாநாட்டு வாரத்தில் கண்ணுக்குத் தெரியாதவை. பலன் தர ஆண்டுகள் ஆகும்.

அறிவு, தொடர்பு, கவனம். இந்த மூன்றும் சில நாளைக்கு ஊருக்குள் வந்து நிற்கின்றன. பிடித்து வைக்க ஆள் இருந்தால் தங்கும். இல்லையென்றால் வந்தவர்களோடு விமானம் ஏறிவிடும்.

அரண்மனை எரிந்தது, நிதி நிலைத்தது

பழைய உதாரணம் ஒன்று, இன்றும் மிகத் தெளிவான உதாரணம். 1851ஆம் ஆண்டு லண்டனில் ஹைட் பூங்காவில் ‘மாபெரும் கண்காட்சி’ நடந்தது. உலக நாடுகளின் தொழில் பொருட்களைக் காட்சிக்கு வைத்த அந்த வணிக நிகழ்வுக்கு, மே முதல் அக்டோபர் வரை சுமார் 60 லட்சம் வருகைகள் பதிவாயின. அதற்காகக் கண்ணாடியாலும் இரும்பாலும் கட்டிய படிக அரண்மனையைத்தான் எல்லோரும் வியந்து பார்த்தார்கள்.

செலவு போக 1,86,000 பவுண்டு மிஞ்சியது. அதைப் பங்கு போட்டுவிடாமல், கண்காட்சியை நடத்த அமைத்த அரச ஆணையத்தையே கலைக்காமல் நிரந்தரமாக்கி, பணத்தை அதனிடம் விட்டார்கள். ஆணையம் தெற்கு கென்சிங்டனில் 87 ஏக்கர் நிலம் வாங்கியது. இன்று அங்கே இருக்கும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், இம்பீரியல் கல்லூரி எல்லாம் அந்த நிலத்தில் வளர்ந்தவை. ஆணையம் ஆராய்ச்சி உதவித்தொகையும் கொடுக்கத் தொடங்கியது. 1895இல் நியூசிலாந்திலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போன எர்னஸ்ட் ரூதர்ஃபோர்ட் போனது அந்த உதவித்தொகையில்தான். கண்காட்சி நடந்தபோது அவர் பிறக்கவே இல்லை. ஆணையம் இன்றைக்கும் உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

படிக அரண்மனை? அதைப் பிரித்து சிடனம் என்ற இடத்தில் மறுபடி கட்டினார்கள். 1936இல் தீயில் எரிந்துபோனது.

நிகழ்வு நடத்துபவர்கள் எல்லோருக்கும் இவ்வளவு பணம் மிஞ்சாது, மிஞ்ச வேண்டியதும் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது அளவை அல்ல. நிகழ்வு முடிந்த பிறகு வேலையைத் தொடர ஓர் அமைப்பு இருந்தது, அதனிடம் பணம் இருந்தது, அந்தப் பணம் எதற்கு என்பதும் தீர்மானமாகியிருந்தது. நீடித்த பயன் என்று யார் எதைக் காட்டினாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: மறுநாளும் அங்கே இருக்கப்போகிறவர் யார்?

டர்பன், 2000

பணத்தை விட்டுவிட்டு, அறிவும் கவனமும் ஓர் ஊரில் எப்படித் தங்கின என்று பார்க்க வேண்டுமானால் தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். 2000 ஜூலையில் 13ஆவது சர்வதேச எய்ட்ஸ் மாநாடு டர்பன் நகரில் நடந்தது. அதுவரை அந்த மாநாடு வளரும் நாடு எதிலும் நடந்ததில்லை. எச்ஐவி கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் 1996 வாக்கிலேயே வந்துவிட்டன. பணக்கார நாடுகளில் சாவு குறையத் தொடங்கியிருந்தது. நோயாளிகள் மிக அதிகமாக இருந்த ஆப்பிரிக்காவிலோ அந்த மருந்து ஏறக்குறைய யாருக்கும் எட்டவில்லை. போதாக்குறைக்கு, எச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ உம்பெக்கியே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார்.

மாநாட்டை ஒட்டி, மருந்து கேட்டு ஊர்வலம் நடந்தது. நோய் உண்டாவதற்குக் காரணம் எச்ஐவிதான் என்று உறுதிப்படுத்தி 5,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்திட்ட டர்பன் பிரகடனம் வெளியானது. பிறவியிலேயே எச்ஐவியோடு பிறந்த 11 வயதுச் சிறுவன் என்கோசி ஜான்சன் தொடக்க விழாவில் பேசினான். தானும் எச்ஐவி உள்ளவர்தான் என்று ஏற்கெனவே அறிவித்திருந்த நீதிபதி எட்வின் கேமரன், தன்னிடம் மருந்து வாங்கப் பணம் இருப்பதால்தான் தான் உயிரோடு நின்று பேச முடிகிறது என்றார். நிறைவு விழாவில் நெல்சன் மண்டேலா பேசினார். வெறும் அறிவியல் மாநாடாக இருந்த ஒன்று, மருந்து யாருக்குக் கிடைக்க வேண்டும் என்ற கேள்வியை உலகத்தின் முன்னால் வைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுக்க வேண்டும் என்று 2002இல் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003இல் அரசு பொதுச் சிகிச்சைத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. 2016இல் அதே மாநாடு மறுபடி டர்பனுக்கு வந்தபோது, உலகத்திலேயே அதிகம் பேருக்கு எச்ஐவி மருந்து கொடுக்கும் நாடு தென்னாப்பிரிக்கா. 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் மாநாடு சாதித்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. சாதித்தவர்கள் அங்கேயே இருந்தவர்கள். மருந்துக்காகப் போராடிய ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் என்ற அமைப்பு 1998இலேயே தொடங்கிவிட்டது. நெவிரபின் வழக்கைப் போட்டு வென்றதும் அந்த அமைப்புதான். மாநாடு அவர்களுக்கு உலகத்தின் காதைக் கொடுத்தது, விஞ்ஞானிகளைத் துணைக்குக் கொடுத்தது. அவர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு மேலும் சில ஆண்டுகள் உழைத்தார்கள். அப்படி ஓர் உள்ளூர் அமைப்பு இல்லாத ஊரில் அதே மாநாடு, அதே பேச்சுகளோடு நடந்திருந்தால் இந்த அளவுக்குப் பலன் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

இதே மாநாட்டின் வரலாற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1992இல் அது அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் நடப்பதாக இருந்தது. எச்ஐவி உள்ள வெளிநாட்டவர்களை நாட்டுக்குள் விடுவதில்லை என்று அமெரிக்கா தடை வைத்திருந்ததால் ஏற்பாட்டாளர்கள் அதை ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றினார்கள். தடை நீங்கும் வரை அமெரிக்கா பக்கமே வரவில்லை. 2010 தொடக்கத்தில் தடை நீங்கியது. 2012இல் மாநாடு வாஷிங்டனில் நடந்தது. தடை நீங்கியதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனாலும், எந்த ஊரில் நடத்துகிறோம் என்பதே ஒரு பேரம் பேசும் பலம் என்று அது காட்டியது.

எங்கே தொடங்குவது

சர்வதேசச் சங்கங்களின் மாநாடுகள் ஊர் ஊராகச் சுற்றுபவை. அடுத்தடுத்த மாநாட்டை எந்த ஊரில் வைப்பது என்று சில ஆண்டுகள் முன்னதாகவே முடிவாகும். ஊர்கள் போட்டி போட்டு விண்ணப்பிக்கும். நீடித்த பயனைப் பற்றிய பேச்சு அந்த விண்ணப்பத்திலேயே தொடங்க வேண்டும். ஏனென்றால் தேதி, அரங்கு, நிகழ்ச்சி நிரல், வரவு செலவு எல்லாம் முடிந்த பிறகு ‘ஊருக்கு ஏதாவது செய்வோமே’ என்று கிளம்பினால், கையில் இருப்பது ஒரு மாலை நேரமும் கொஞ்சம் டி-சர்ட்டும்தான். அதை வைத்து மரம் நடலாம். தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது.

ஒரு கற்பனை மாநாட்டை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். நடுத்தர அளவு நகரம் ஒன்றில் சிறுநீரக மருத்துவர்களின் மாநாடு, 2,000 பேர், நான்கு நாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி, இந்த ஊருக்குச் சிறுநீரக விஷயத்தில் என்ன குறை? இதற்குப் பதில் வெளியிலிருந்து வருபவர்களிடம் இருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்யும் செவிலியரிடமும், டயாலிசிஸ் நிலையத்தில் வாரம் மூன்று நாள் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடமும், நகர சுகாதார அதிகாரியிடமும் கேட்க வேண்டும். கேட்டால், பெரும்பாலும் வருவது இப்படி ஒரு பதிலாக இருக்கும்: நோயாளிகள் மிகத் தாமதமாக வருகிறார்கள். நாள்பட்ட சிறுநீரக நோய் தொடக்கத்தில் பெரிதாக எந்த அறிகுறியும் காட்டாது. சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் அதற்கு முக்கியக் காரணங்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கழிகிறதா, ரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு என்று பார்க்கும் எளிய பரிசோதனைகளில் முன்னாலேயே தெரிந்துவிடும். பரிசோதனை பெரிய செலவில்லை. செய்யும் பழக்கம்தான் இல்லை.

இங்கே ஒரு குறிக்கோள் கிடைத்துவிட்டது. சர்க்கரை நோய்க்காக வருகிற ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை இந்தப் பரிசோதனை நடக்க வேண்டும். ‘சிறுநீரக விழிப்புணர்வை மேம்படுத்துதல்’ என்று எழுதினால் அது குறிக்கோள் ஆகாது. நடந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து, மாநாடு முடிந்த பிறகு இதை யார் தூக்கிச் சுமப்பார்கள்? உள்ளூர் மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகப் பிரிவும் நகர சுகாதாரத் துறையும் என்று முடிவாகிறது. வாய்ப்பேச்சில் விடாமல், பொறுப்பாளர் இன்னார் என்று பெயர் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பாளர் மாநாட்டு வரவேற்புக் குழுவிலும் இருக்க வேண்டும். இது மிக முக்கியம். பல இடங்களில் வரவேற்புக் குழு தனியாகவும், ‘சமூகப் பணிக் குழு’ என்று ஒன்று ஓரமாகவும் இயங்கும். முடிவெடுக்கும் அறையில் இரண்டாவது குழுவுக்கு நாற்காலி இருக்காது.

மாநாட்டுக்கு ஆறேழு மாதம் முன்பு, உள்ளூர்ச் செவிலியர்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும் பயிற்சி தொடங்குகிறது. பாடத்தைத் தயாரிப்பது சங்கத்தின் நிபுணர்கள், இணைய வழியில். இப்போதைய நிலவரத்தையும் இதே கட்டத்தில் குறித்து வைக்க வேண்டும்: கடந்த ஓராண்டில் சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்கு இந்தப் பரிசோதனை நடந்தது? இந்த எண் கையில் இல்லாவிட்டால் பிற்பாடு எதையும் ஒப்பிட முடியாது. மிக அடிக்கடி விட்டுப்போகும் வேலை இதுதான்.

மாநாட்டு நாட்களில், பயிற்சி எடுத்த செவிலியர்களுக்குக் கட்டணமில்லாமல் அனுமதி. பார்வையாளராக மட்டும் உட்கார்த்தி வைக்கக் கூடாது. ஓர் அமர்வில் தங்கள் அனுபவத்தை அவர்கள் சொல்ல வேண்டும், அந்த ஊர் மொழியில், மொழிபெயர்ப்பு ஏற்பாட்டோடு. பொதுமக்களுக்காக ஒரு மாலை நிகழ்ச்சி. சுகாதார அமைச்சர் வருகிறார் என்றால், அவர் மேடையில் நிற்கும் பத்து நிமிடத்தில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தப் பரிசோதனையை வழக்கமான சிகிச்சை விதிமுறையில் சேர்ப்பீர்களா? பொன்னாடை போர்த்துவதோடு அந்த வாய்ப்பை முடித்துவிடக் கூடாது.

அப்புறம், மாநாடு முடிந்து ஓராண்டு. மாதம் ஒரு முறை உள்ளூர் மருத்துவர்கள் சிக்கலான நோயாளி ஒருவரின் விவரத்தை, பெயர் குறிப்பிடாமல், இணையக் கூட்டத்தில் முன்வைக்கிறார்கள். மாநாட்டுக்கு வந்துபோன நிபுணர் ஒருவர் அதில் கலந்துகொள்கிறார். ஓராண்டு முடிவில் அதே கணக்கு மறுபடி எடுக்கப்படுகிறது.

மொத்த வரவு செலவில் இதற்கு ஆகும் செலவு பெரிதில்லை. பதிவுக் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கென்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம். வேறு வழியும் உண்டு. 2009இல் கோபன்ஹேகனில் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்தபோது, வந்தவர்களுக்கு நினைவுப் பரிசு கொடுப்பதில்லை என்று டென்மார்க் முடிவு செய்தது. மிச்சமான பணம் வெளிநாட்டு மாணவர்கள் டென்மார்க்கில் வந்து படிக்க உதவித்தொகையானது. வீட்டுக்குப் போனதும் மூலையில் கிடக்கும் பைக்கும் பேனாவுக்கும் இதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியவில்லை.

நல்லெண்ணம் சறுக்கும் இடங்கள்

பெருந்தன்மை என்ற பெயரில் ஊருக்குச் சுமை ஏற்றிவிட முடியும். ஐம்பது விருந்தினர்கள் ஒரு பிற்பகல் தொண்டு இல்லத்துக்கு வந்து சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள் என்றால், அவர்களை வரவேற்க, பொருள் வாங்கி வைக்க, பிறகு சரியில்லாத இடங்களை மறுபடி அடிக்க அந்த இல்லத்து ஊழியர்களுக்கு இரண்டு மூன்று நாள் போகும். படம் எடுத்துக்கொள்ளப் பிள்ளைகள் வரிசையில் நிற்க வேண்டும். வந்தவர்களுக்கு மன நிறைவு, சரிதான். இல்லத்துக்கு என்ன கிடைத்தது? அந்த இல்லத்துக்கு ஒரு கணக்காளர் தேவைப்பட்டிருக்கலாம். வந்தவர்களில் பத்துப் பேர் கணக்குத் தணிக்கையாளர்களாகவும் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். விருந்தினர்களின் தொழில் திறமைக்கும் ஊரின் தேவைக்கும் பொருத்தம் பார்ப்பதுதான் இதில் பாதி வேலை.

உள்ளூர் அமைப்புகளின் நேரத்துக்கு விலை உண்டு என்பதையும் மறந்துவிடுகிறார்கள். மேடையில் பேசும் வெளிநாட்டு நிபுணருக்கு விமானச் சீட்டு, தங்குமிடம், மதிப்பூதியம். ஊரின் நிலவரத்தை எடுத்துச் சொல்ல நான்கு கூட்டங்களுக்கு வந்த உள்ளூர்த் தொண்டு நிறுவன ஊழியருக்கு ஒரு நன்றி மடல். இது நியாயமில்லை. அவருடைய நேரத்துக்கும் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்.

வாங்கும் பொருளும் சேவையும் எங்கிருந்து என்பது இன்னொன்று. உணவு, அச்சு, அலங்காரம், மொழிபெயர்ப்பு, தூய்மைப் பணி எல்லாவற்றிலும் உள்ளூர்ச் சிறு நிறுவனங்களுக்கு இடம் கொடுத்தால் முன்பு சொன்ன கசிவு குறையும். பெரிய ஒப்பந்தமாக ஒரே மூட்டையாய்க் கட்டினால் சின்ன நிறுவனத்தால் விலைப்புள்ளி கொடுக்கவே முடியாது. பிரித்துக் கொடுக்க வேண்டும், பணத்தைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய மாநாட்டுக்கு வேலை செய்தோம் என்ற பெயர் அவர்களுக்கு அடுத்த வேலையைக் கொண்டுவரும். அதுவும் நீடிக்கும் பயன்தான். மிஞ்சும் உணவை வாங்கிக்கொள்ளும் அமைப்போடு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது, குப்பையைக் குறைப்பது போன்றவை நிகழ்ச்சியைப் பொறுப்போடு நடத்துவதில் சேரும். நிகழ்வுகளின் நிலைத்தன்மை மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 20121 என்ற சர்வதேசத் தரம் 2012இல், லண்டன் ஒலிம்பிக் நடந்த ஆண்டில் வந்தது, 2024இல் திருத்தப்பட்டது. சுற்றுச்சூழலோடு சமூக, பொருளாதார விளைவுகளையும் கணக்கில் எடுக்க அது ஒரு முறையைத் தருகிறது. ஊருக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்வதும், ஊருக்கு ஏதாவது விட்டுப்போவதும் இரண்டு தனி வேலைகள். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்ததாகச் சொல்லிக்கொள்வதை நிறையப் பார்க்கலாம்.

பயன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்

மூன்று மட்டங்களில் பார்க்க வேண்டும். என்ன செய்தோம், அதனால் யாருடைய நடைமுறை மாறியது, அந்த மாற்றத்தால் மக்கள் வாழ்க்கையில் என்ன ஆனது. சிறுநீரக உதாரணத்தில், 80 செவிலியர்களுக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பது முதல் மட்டம். பரிசோதனை செய்யப்படும் சர்க்கரை நோயாளிகளின் பங்கு கூடியது என்பது இரண்டாவது. டயாலிசிஸ் வரை போகாமல் தப்பியவர்கள் கூடினார்கள் என்பது மூன்றாவது. அது தெரிய பல ஆண்டுகள் ஆகும்.

பெரும்பாலான அறிக்கைகள் முதல் மட்டத்திலேயே நின்றுவிடுகின்றன. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ‘நன்று’ என்று படிவத்தில் குறித்தார்கள் என்ற எண்கள் எளிதில் கிடைப்பதால் அவையே அச்சாகின்றன. மூன்றாவது மட்டத்தை அளக்க ஒரு மாநாட்டுக் குழுவால் முடியாது. முடிந்ததாகச் சொன்னால் சந்தேகப்பட வேண்டும். இரண்டாவது மட்டத்தைக் கண்டிப்பாக அளக்கலாம், அளக்கத்தான் வேண்டும். கூடவே, மாநாடே வராமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அரசு ஏற்கெனவே தொடங்கவிருந்த திட்டத்துக்கு மாநாடு நாடா வெட்டியது என்றால் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. அந்தத் திட்டம் ஓராண்டு முன்னதாகத் தொடங்க மாநாடு காரணமாக இருந்தால், அந்த ஓராண்டை நேர்மையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அளப்பதற்கு யாராவது இருக்க வேண்டுமே என்பதுதான் அடுத்த சிக்கல். மாநாட்டை நடத்திக் கொடுக்கும் நிறுவனத்தின் ஒப்பந்தம் கடைசி நாளோடும் கணக்கு முடிப்போடும் தீர்ந்துவிடும். சங்கத்தின் கவனம் அடுத்த ஊருக்குப் போய்விடும். இந்த இடைவெளியை உணர்ந்து சில நகரங்கள் தாங்களே ஆள் வைக்கின்றன. கோபன்ஹேகன் நகரின் சுற்றுலா அமைப்பு ‘கோபன்ஹேகன் லெகசி லேப்’ என்றே ஒரு பிரிவு வைத்து, வருகிற மாநாட்டுச் சங்கங்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து இதைத் திட்டமிடுகிறது. சங்கம் போனாலும் நகரம் அங்கேயே இருக்கும் என்பதால் இது சரியான ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

சின்னக் கூட்டங்களுக்கும் இது பொருந்துமா

பொருந்தும், வேறு அளவில். 150 பேர் இரண்டு நாள் கூடும் ஒரு தொழில் கூட்டத்துக்கு இத்தனை குழுக்களும் கணக்கெடுப்பும் தேவையில்லை. ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுத்து அதை முழுசாகச் செய்தால் போதும். உள்ளூர் தொழிற்கல்வி மாணவர்கள் இருபது பேருக்குக் கட்டணமில்லாமல் அனுமதி கொடுத்து, ஒவ்வொருவரையும் வந்தவர்களில் ஒருவரோடு சேர்த்துவிட்டு, அடுத்த ஆறு மாதம் மாதம் ஒரு முறை பேசுவது என்று ஏற்பாடு செய்யலாம். முகவரிகளைத் திரட்டி, இரண்டு தரப்புக்கும் நினைவூட்டிக்கொண்டிருக்க அந்தக் கல்லூரியில் ஓர் ஆசிரியர் வேண்டும். அவரை முதலில் கண்டுபிடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அவர் கிடைக்கவில்லை என்றால் அந்த ஆண்டு வேறு காரியத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கூட்டம் பெரிதோ சிறிதோ, அரங்கை முன்பதிவு செய்யும் அதே நாளில் இன்னும் இரண்டு விஷயங்களை முடித்துவிடலாம். நிகழ்வு முடிந்த பன்னிரண்டாம் மாதத்தில் ஒரு தேதியைக் குறித்து, உள்ளூர்ப் பொறுப்பாளரும் ஏற்பாட்டாளரும் அன்று பேசுவதாக எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். அதுவரை ஆகும் செலவை நிகழ்வின் வரவு செலவிலிருந்தே தனிக் கணக்கில் எடுத்து வைக்கலாம். மாநாடு முடிந்து மற்ற கணக்குகளை மூடும்போது அந்தக் கணக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும்.